மறுமொழி வராத கட்டளை

ரீவி றிமோட்டின் முனையில் இருக்கும் சிறு குமிழிலிருந்து வருவது அகச்சிவப்பு ஒளி. அதன் அலைநீளம் ஏறத்தாழ 940 நானோமீற்றர். மனிதக் கண்ணுக்கு எட்டாதது. பொத்தானை அமர்த்தியதும் அந்த ஒளி செக்கனுக்கு 38,000 தடவை என்ற வேகத்தில் துடிக்கிறது. துடிப்புக் கூட்டங்களுக்கு நடுவே விடப்படும் இடைவெளி நீளமா குறுகலா என்பதில்தான் செய்தி இருக்கிறது. பரவலாக வழங்கும் என்ஈசி முறையில் முதலில் 9 மில்லிசெக்கன் நீளத்துக்கு ஓர் அழைப்பு, பிறகு 4.5 மில்லிசெக்கன் மௌனம், அதன் பின் 32 இலக்கங்கள்: எந்தப் பெட்டிக்கு என்ற முகவரி, அந்த முகவரியின் தலைகீழ், எந்தப் பொத்தான் என்ற எண், அந்த எண்ணின் தலைகீழ். தலைகீழையும் சேர்த்து அனுப்புவது, பெறுகின்ற பெட்டி இரண்டையும் ஒப்பிட்டுப் பிழை பிடிப்பதற்காக. இவ்வளவு கவனமாக அமைத்தவர்கள் பெட்டி திருப்பி எதையும் சொல்வதற்கு வழி வைக்கவில்லை. றிமோட்டுக்கு வாய் உண்டு, காது இல்லை. பழுது பார்ப்பவர்கள் றிமோட்டைக் கைபேசிக் கமராவுக்கு முன்னால் பிடித்து அமர்த்திப் பார்ப்பார்கள்; குமிழ் ஊதா நிறத்தில் மினுங்கினால் றிமோட் உயிரோடு இருக்கிறது. அது பேசியது என்பதற்கு மட்டுமே அந்த மினுக்கம் சாட்சி. கேட்கப்பட்டதா என்பதை அறிய, ஆள்தான் நிமிர்ந்து ரீவியைப் பார்க்க வேண்டும். வீடு முழுவதையும் தொலைவிலிருந்து இயக்குவதாகச் சொல்லி விற்கப்படும் சாதனங்களில் பெரும்பாலான சங்கடங்களின் வேர் இந்த ஒருவழிப் பேச்சுத்தான். அதைத் தெளிவாகப் பார்ப்பதற்கு யாழ்ப்பாணத்து அரியாலை போல மின்சாரத்தோடு நீண்ட பிணக்கு வைத்திருந்த ஓர் ஊர் உதவுகிறது.

அகச்சிவப்புக்கு முந்திய றிமோட் ஒன்று இருந்தது. 1956இல் அமெரிக்காவின் செனித் நிறுவனத்துக்காக ரொபேட் அட்லர் வடிவமைத்த ஸ்பேஸ் கொமாண்ட். அதற்குள் அலுமினியக் கம்பிகள் இருந்தன. பொத்தானை அமர்த்தினால் ஒரு சின்னச் சுத்தியல் கம்பியைத் தட்டும், செவிக்கு எட்டாத உயர் ஒலி எழும், ரீவி அதைக் கேட்டுச் சனலை மாற்றும். அதற்குப் பற்றறி கிடையாது. பற்றறி தீர்ந்தால் ஆட்கள் ரீவிதான் பழுது என்று நினைப்பார்கள் என்று நிறுவனத்தின் விற்பனைப் பகுதி அஞ்சியதாம். யாழ்ப்பாணத்துக்கென்றே செய்தது போன்ற கருவி அது. போர் காரணமாக 1990க்குப் பிறகு குடாநாட்டுக்குள் கொண்டுவரத் தடை செய்யப்பட்ட பொருட்களில் பற்றறியும் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ தரும் மின்னில் வானொலிச் செய்தி கேட்ட வீடுகள் அரியாலையிலும் இருந்தன. பற்றறி கேட்காத றிமோட் அக்காலத்தில் கிடைத்திருந்தாலும் அது கட்டளையிடுவதற்கு ரீவி ஓடியிருக்காது என்பது வேறு விடயம். படம் பார்ப்பதென்றால் ரீவி, டெக், ஜெனறேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து ஒரே இரவில் மூன்று நான்கு படங்களை ஓட்டித் தீர்ப்பார்கள். பெட்டிக்குப் பக்கத்திலேயே ஓர் ஆள் குந்தியிருப்பார். றிமோட்டுக்குத் தேவை இருக்கவில்லை.

அதற்கும் முந்திய எண்பதுகளில், பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து வரும் தூரதர்ஷனைப் பிடிப்பதற்கு வீட்டுக்கு வீடு உயர்ந்த அன்ரனாக் கம்பங்கள் நின்றன. காற்றுத் திசை மாறினால் படம் புள்ளியாகிவிடும். ஒருவர் கம்பத்தைப் பிடித்துத் திருப்ப, இன்னொருவர் விறாந்தையில் நிற்க, மூன்றாமவர் ரீவிக்கு முன்னால் இருந்து குரல் கொடுப்பார்: “இன்னும் கொஞ்சம்… காணும், காணும்… ஐயோ போட்டுது, திரும்ப விடுங்கோ அண்ணை.” பொறியியலில் பின்னூட்டம் என்று சொல்லப்படுவது முழுமையாக அங்கே இருந்தது. கட்டளை போனது, விளைவு பார்க்கப்பட்டது, பார்த்தது திருப்பிச் சொல்லப்பட்டது, கட்டளை திருத்தப்பட்டது. பின்னால் வந்த கருவிகள் நடக்கும் சிரமத்தைப் போக்கின. அந்த மூன்றாமவரையும் கூடவே அகற்றிவிட்டன. அவருடைய இடத்தில் எதையாவது வைக்கத்தான் இந்தத் துறை அன்றிலிருந்து முயன்றுகொண்டிருக்கிறது.

ஒரே றிமோட்டால் எல்லாப் பெட்டிகளையும் இயக்கும் ஆசை எண்பதுகளில் வடிவம் பெற்றது. அப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வொஸ்னியாக் 1987இல் கோர் என்ற பெயரில் ஒன்றை வெளியிட்டார். மற்ற றிமோட்டுகளின் துடிப்பைப் பார்த்து மனப்பாடம் செய்யும் கருவி அது, ஆனால் அதை ஒழுங்காக்கக் கணினி அறிவு வேண்டியிருந்தது. இன்று யாழ்ப்பாண நகர்க் கடைகளில் கிடைக்கும் யுனிவேர்சல் றிமோட்டுகள் இரண்டு வகை. ஒன்று, நிறுவனங்களின் குறியீட்டுப் பட்டியலை உள்ளே வைத்திருப்பது. மற்றது, மூல றிமோட்டை முகத்துக்கு முகம் வைத்துக் கற்றுக்கொள்வது. இரண்டாவது வகைக்கு மூல றிமோட் கையில் இருக்க வேண்டும். புது றிமோட் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் பழையது தொலைந்த பிறகுதான் போகிறார்கள். கற்கும் கருவிகள் சிலவற்றில் இன்னொரு சிறு குறை, எல்லாவற்றையும் 38 கிலோஹேற்ஸ் என்றே எடுத்துக்கொள்வது. பிலிப்ஸ் வழியில் வந்த ஆர்சி-5 முறை 36 கிலோஹேற்ஸ். நகல் வேலை செய்யும், ஆனால் தூரம் குறையும். கதிரையில் சாய்ந்திருந்து அமர்த்தினால் அசையாத ரீவி இரண்டடி கிட்டப் போனதும் பணியும். பற்றறியை மாற்றிப் பார்த்துச் சலித்துப்போகிறவர்களுக்கு இந்தக் காரணம் தெரிய நியாயமில்லை.

குறியீடுகளைச் சேர்த்துவிடுவதால் காரியம் முடிவதில்லை. ரீவி றிமோட்டின் சிவப்புப் பொத்தான் பெரும்பாலும் ‘நிலையை மாற்று’ என்று மட்டுமே சொல்கிறது. ‘எரி’ என்றோ ‘அணை’ என்றோ அல்ல. ரீவி, பியோ ரீவி அல்லது டயலொக் பெட்டி, ஒலிபெருக்கி மூன்றையும் ஒரே பொத்தானில் போட வைத்தால், மூன்றும் முன்பு அணைந்திருந்தன என்று றிமோட் நம்ப வேண்டும். ஒன்று எரிந்துகொண்டிருந்தால் அது அணையும். மற்ற இரண்டும் எரியும். அடுத்த அமர்த்தலில் தலைகீழாகும். லொஜிரெக் நிறுவனத்தின் ஹார்மனி றிமோட்டுகள் இந்தச் சிக்கலை நேர்மையாகக் கையாண்டன. எது எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று தம் நினைவில் வைத்திருக்கும், பிசகினால் உதவிப் பொத்தானை அமர்த்தலாம், ‘ரீவி எரிகிறதா?’ என்று றிமோட் ஆளைக் கேட்கும். கருவி தன் அறியாமையை ஒப்புக்கொண்டு மனிதக் கண்ணைக் கடன் வாங்கிய அபூர்வமான ஏற்பாடு அது. 2021இல் அந்த நிறுவனம் ஹார்மனி உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. ஏசி றிமோட் இதற்கு நேர்மாறு. அதன் ஒவ்வொரு அமர்த்தலும் வெப்பநிலை, காற்று வேகம், இயங்கும் விதம் எல்லாவற்றையும் ஒரே கட்டாக அனுப்புகிறது. அதன் சின்னத் திரையில் தெரியும் 24 என்ற எண் றிமோட்டின் நினைப்பு, அறையின் வெப்பமல்ல. அதனால்தான் ஏசியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கற்பிக்கும் முயற்சி தோற்கிறது: ‘கூட்டு’ என்ற பொத்தானைக் கற்கும்போது கருவி மனப்பாடம் செய்வது ‘25 ஆக்கு’ என்ற ஒரே வசனத்தை. ஏசிக்கு நிறுவனத்தின் பட்டியலை உடைய கருவியே வேண்டும். ரீவிக்கும் பெட்டிக்கும் மட்டுமென்றால் பலருக்குக் கடைக்குப் போகவே தேவையில்லை. எச்டிஎம்ஐ கம்பிக்குள்ளேயே சிஇசி என்ற இருவழிப் பேச்சு உண்டு, ரீவியின் அமைப்புகளில் அதை இயக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு பணத்தை எடுக்கலாம்.

நினைவில் வைத்திருக்கும் கருவிகளுக்கு அரியாலையில் பெரிய எதிரி மின்வெட்டு. 1990இல் தேசிய மின்வலையிலிருந்து அறுபட்ட குடாநாடு, போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு, 2013 அளவில்தான் கிளிநொச்சி வழியாகச் சுன்னாகத்துக்கு வந்த உயரழுத்தக் கம்பியால் மீண்டும் அதோடு இணைந்தது. இணைந்ததன் மறுபக்கம், நாட்டின் எல்லா வெட்டுகளிலும் பங்கு. 2022 பங்குனி இறுதியில் வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதற்கு அரியாலையில் காற்றாடி நின்றது. மின்சாரம் திரும்பும்போது ரீவி உறக்க நிலையில் எழும்பும், சில பெட்டிகள் முழு விழிப்பில் எழும்பும், றிமோட்டின் நினைவோ வெட்டுக்கு முந்திய உலகத்திலேயே நின்றுகொண்டிருக்கும். கூரையில் சூரியத் தகடு இருக்கிறதே என்று ஆறுதல்படவும் முடியாது. வலையோடு பிணைத்த இன்வேற்றர், வலை இறந்ததும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் மின் தாக்கிச் சாகாதிருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். பற்றறி வைத்த கலப்பு வகைதான் வெட்டில் தாங்கும். இடையில் ஒன்று: 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைந்து வலை தளம்பும் என்ற அச்சத்தில், கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபை பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. ஒரு நாட்டின் மின்வலையே அன்றைக்கு வாயால் கேட்டு, எவர் நிறுத்தினார் எவர் நிறுத்தவில்லை என்று தெரியாமல் இருந்தது.

மின்சாரம் இப்படிப் போய் வருவதால், இங்கே ஒரு ஸ்மார்ட் பிளக் அல்லது சுவிச் வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட பெருமைகளைவிட முக்கியமானது, செயலியின் அமைப்புகளுக்குள் ஆழத்தில் கிடக்கும் ஒரு தெரிவு: மின்சாரம் திரும்பும்போது எரிவதா, அணைந்தே இருப்பதா, முந்திய நிலைக்குப் போவதா. வெளி விளக்குக்கு முந்திய நிலை சரி. மின்னழுத்திக்கும் தண்ணீர் மோட்டருக்கும் அணைந்தே இருப்பதுதான் சரி. நடுச்சாமத்தில் மின்சாரம் திரும்பி, ஆளில்லாத வீட்டில் மோட்டர் தானாக ஓடத் தொடங்கினால் கிணறு வற்றும்வரை நிற்காது. குளிர்சாதனப் பெட்டியை இவற்றோடு கோர்க்காமல் விடுவதே நல்லது. இந்தத் தெரிவு இல்லாத பொருளை மலிவு என்றாலும் வாங்கக் கூடாது. சாதனங்களை ஒப்பிடும் பட்டியல்களில் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படுவதில்லை. அவற்றை எழுதுகிறவர்கள் மின்சாரம் போகாத ஊர்களில் இருந்து எழுதுகிறார்கள்.

சுவருக்குள்ளும் தடை உண்டு. பழைய வீடுகளின் சுவிச் பெட்டியைக் கழற்றினால் பெரும்பாலும் இரண்டு கம்பிகள்தான்: உயிர்க்கம்பி ஒன்று, விளக்குக்குப் போவது ஒன்று. நொதுமல் கம்பி கூரையோடேயே நின்றுவிடுகிறது. வைஃபை சுவிச்சுக்குள் இருக்கும் சிறு கணினி எப்போதும் விழித்திருக்க நொதுமல் வேண்டும். அது தேவையில்லை என்று விற்கப்படும் சுவிச்சுகள் விளக்கினூடாகவே கொஞ்சம் மின்னைக் கசியவிட்டுப் பிழைக்கின்றன. எல்ஈடி குமிழ்கள் அந்தக் கசிவிலேயே அணைந்த பிறகும் மினுக்மினுக்கென்று கண் சிமிட்டும். சுண்ணாம்புக் கல்லில் கட்டிய தடித்த சுவர்கள் வேறு. விறாந்தையில் பூட்டிய ரவுட்டரின் அலை குசினிக்குப் போய்ச் சேர்வதற்குள் மெலிந்துவிடுகிறது, 2.4 கிகாஹேற்ஸ் ஓரளவு துளைக்கும், 5 கிகாஹேற்ஸ் அதைவிடத் திணறும். ஸிக்பீ வகைச் சாதனங்கள் ஒன்றின் செய்தியை ஒன்று கடத்திச் சுவர்களைச் சுற்றிப் போகும் என்பது உண்மை. ஆனால் கடத்துகிறவை பிளக்கில் செருகிய சாதனங்கள். பற்றறியில் ஓடும் உணரிகள் தம் வேலையை மட்டுமே பார்க்கும். மின்சாரம் போனால் கடத்துகிறவை எல்லாம் ஒருமிக்கச் சாக, கதவு உணரி பற்றறியோடு உயிருடன் இருந்தும் சொல்வதற்கு ஆளில்லாமல் இருக்கும். கிழக்கு அரியாலையின் கடனீரேரிப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்று பற்றறிக் கம்பிச் சுருள்களையும் சுவிச்சின் தொடுமுனைகளையும் பச்சை பிடிக்க வைப்பதையும் இதோடு சேர்த்து எண்ண வேண்டும்.

இந்தச் சாதனங்களில் கணிசமானவை கடையிலிருந்து வருவதில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் பயணப்பெட்டியில் வருகின்றன. ரொறன்ரோவிலிருந்து வரும் பிளக் 120 வோல்ற்றுக்கும் தட்டை முள்ளுக்கும் செய்தது. இங்கே 230 வோல்ற், சதுர முள். இதையாவது பார்த்ததும் கண்டுபிடிக்கலாம். இஸட்-வேவ் என்ற வகையில் சிக்கல் கண்ணுக்குத் தெரியாது: வட அமெரிக்காவில் அது 908 மெகாஹேற்ஸில் பேசுகிறது, ஐரோப்பாவில் 868இல். கனடாவிலுள்ள மூத்தவர் கொடுத்துவிட்ட மையக் கருவியும் பாரிசிலுள்ள இளையவர் அனுப்பிய உணரியும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்து ஒன்றை ஒன்று அறியாமலே இருக்கும். ஸிக்பீயும் வைஃபையும் உலகமெங்கும் 2.4 கிகாஹேற்ஸ் என்பதால், சிதறிய குடும்பங்களுக்கு அவையே பொருத்தம். கேற்றுக்கும் உருளைக் கதவுக்கும் வரும் 433 மெகாஹேற்ஸ் றிமோட்டுகள் இன்னொரு கதை. ஒவ்வொரு தடவையும் குறியீட்டை மாற்றும் வகையை யுனிவேர்சல் றிமோட்டில் படியெடுக்க முடியாது. ‘எங்கட கேற்றைக் கொப்பி பண்ண முடிஞ்சுது’ என்று ஒருவர் மகிழ்ந்தால், அதே கேற்றை ஒழுங்கையில் நிற்கும் எவரும் படியெடுக்கலாம் என்பதுதான் அதன் பொருள்.

அகச்சிவப்பு அறைக்குள்ளேயே முடிந்துவிடும். செயலி வழியான கட்டளை எங்கெங்கோ போய்வருகிறது. சந்தையில் பல பெயர்களில் கிடைக்கும் மலிவான வைஃபை பிளக்குகளில் பெரும்பாலானவை உள்ளுக்குள் சீனாவின் ரூயா நிறுவனத்தின் மேடையில் ஓடுபவை. கணக்குத் தொடங்கும்போது எந்த நாடு என்று கேட்கும். அந்த விடையை வைத்து எந்தக் கண்டத்துத் தரவு நிலையம் என்று முடிவாகிறது. மகன் ஸ்காபரோவிலிருந்து கனடா என்று குறித்துத் தொடங்கினால், நாயன்மார்கட்டில் உள்ள விறாந்தை விளக்கின் கணக்கு அமெரிக்காவில் இருக்கும். இலண்டனிலுள்ள மகள் தன் நாட்டைக் குறித்துத் தொடங்கிய கணக்கோடு அதைப் பகிரவும் முடியாது. இருவரும் ஒரே தரவு நிலையத்துக்குள் அடங்கும் நாட்டைத் தெரிந்தால்தான் ஒரே வீட்டைப் பார்க்கலாம். சேர்வர் ஒரு நாள் நின்றுவிட்டால் என்ன என்ற கேள்வியும் கற்பனையல்ல. நெஸ்ட் நிறுவனம் வாங்கிய ரிவோல்வ் என்ற மையக் கருவி 2016 மே மாதத்தில் சேர்வரோடு சேர்த்து நிறுத்தப்பட்டது. 300 டொலர் கொடுத்து வாங்கியவர்களின் கையில் வெறும் கூடு மிஞ்சியது. 2022 ஏப்ரலில் இன்ஸ்ரியோன் என்ற வீட்டுச் சாதன நிறுவனத்தின் சேர்வர்கள் முன்னறிவித்தல் இல்லாமல் இருண்டன. வீட்டுக்குள்ளேயே முடிவெடுக்கும் ஏற்பாடுகள் உண்டு. 2013இல் தொடங்கிய ஹோம் அசிஸ்ரன்ற் என்ற திறந்த மென்பொருள் உள்ளங்கையளவு ரஸ்பெரி பை கணினியில் ஓடும், இணையம் இல்லாமலே சுவிச்சோடு பேசும். 2022 ஒக்ரோபரில் வெளிவந்த மற்றர் என்ற பொதுத்தரமும் வீட்டு வலைக்குள்ளேயே பேசுவதை அடிப்படையாகக் கொண்டது. இரண்டையும் பரிந்துரைப்பது எளிது. கண்டி வீதியில் ஒரு வீட்டில் அறுபத்தெட்டு வயதுப் பெண் தனியே இருக்கும்போது அந்தச் சின்னக் கணினியின் நினைவக அட்டை கெட்டுப்போனால் எவர் வந்து மாற்றுவார் என்ற கேள்விக்குப் பரிந்துரைப்பவர்களிடம் பதில் கிடையாது. ஆள் கிடைக்காத வீட்டுக்குக் குறைவாகச் செய்வதே கெட்டித்தனம். தாங்கி நிரம்பியதும் மோட்டரை நிறுத்தும் மிதவைச் சுவிச் பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. தண்ணீரே அதற்குச் செய்தி சொல்கிறது, கடவுச்சொல் கேட்பதில்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டில் மாலையில் விளக்கு எரிய ஓர் ஒளியுணரி போதும். இருட்டியதும் எரியும், விடிந்ததும் அணையும், எந்தச் சேர்வர் நின்றாலும்.

செயலி வழிக் கட்டளைக்கு ஒரு வகையில் காது முளைத்திருக்கிறது: எரிந்ததா அணைந்ததா என்று திரையில் தெரியும். சங்கடம் அங்கேதான் புது வடிவம் எடுக்கிறது. சாதனம் பேசாதபோது திரை ‘ஓஃப்லைன்’ என்று ஒரே சொல்லைக் காட்டுகிறது. அரியாலையில் மின்வெட்டா, ரவுட்டர் தொங்கிவிட்டதா, கம்பி அறுந்ததா, தாய் தூசி தட்டும்போது பிளக்கைக் கழற்றி வைத்தாவா, அல்லது அவவுக்கே ஏதாவது நடந்துவிட்டதா என்று அந்தச் சொல் பிரித்துச் சொல்லாது. படுக்கையறைக்கும் குசினிக்கும் நடுவே வைத்த அசைவுணரி விடிய ஆறு மணிக்கு வழக்கமாக அனுப்பும் அறிவித்தல் வராவிட்டால், பனிக்காலத்தில் பத்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கும் ரொறன்ரோவில் அப்போது முந்திய நாள் இரவு ஏழரை. மகன் தாய்க்கு அடிப்பான், எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்கு: “மாமி, அங்க கறண்ட் நிக்குதோ? அம்மாவை ஒருக்கா எட்டிப் பாக்கிறியளோ?” மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொல்வது, உணரி எத்தனை வாங்கி வைத்தாலும் கிடைக்காத தகவல். ரவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் வைத்தால் வெட்டின்போதும் சில மணித்தியாலம் இணையம் இருக்கும். மௌனத்தின் காரணங்களில் ஒன்று குறையும், அவ்வளவே. இந்த ஏற்பாட்டுக்குத் தாயின் சம்மதம் கேட்கப்படுகிறதா என்பதும் தெளிவில்லை. ‘உங்களுக்கு வசதியா இருக்கும் அம்மா’ என்று சொல்லிப் பூட்டப்படும் பல கருவிகளின் வசதி பார்க்கிறவருக்குத்தான். கட்டளைகளும் அவவின் மொழியில் இல்லை: அலெக்சா 2019இல் இந்தி பேசத் தொடங்கியது, தமிழுக்கு வரவில்லை. சுவரிலுள்ள பழைய சுவிச்சை மூடிவிட்டுக் கைபேசியில் மட்டும் விளக்கைப் போட வைக்கும் வீடுகளில், கைபேசியைத் தேடித் தடவுகிற நேரத்தில்தான் வயது போனவர்கள் விழுகிறார்கள் என்று அஞ்சக் காரணம் இருக்கிறது. எந்தத் தானியங்கி ஏற்பாட்டிலும் சுவர்ச் சுவிச் கையால் அமர்த்தினால் எப்போதும் பணிய வேண்டும். அதைக் கெடுக்கும் சாதனத்தை, எவர் அன்பளிப்பாகக் கொடுத்தாலும், பெட்டியோடேயே வைத்துவிடலாம்.

கடைசியாக உரித்து. எவருடைய கணக்கில் சாதனம் முதலில் பதியப்பட்டதோ அவரே அதன் சொந்தக்காரர். மற்றவர்கள் பகிர்வு பெற்றவர்கள். பதிந்தவர் மின்னஞ்சல் மாற்றினாலோ காலமானாலோ, வீட்டில் இருப்பவருக்குத் தன் விளக்கின்மேல் உரித்து இல்லாமல் போகும். ஆகவே கணக்கு வீட்டில் வசிப்பவரின் பெயரில் இருப்பதும், கடவுச்சொல்லும் எந்தச் சுவிச் எந்தக் கம்பிக்கு என்ற விபரமும் ஒரு கொப்பியில் எழுதி வீட்டு உறுதிகளோடு வைக்கப்படுவதும் நல்லது. கறண்ட் வேலைக்கு வருபவர் அடுத்த தடவை வேறு ஆளாக இருக்கலாம். அரியாலைக் காணிகள் பல, வெளிநாட்டிலிருந்து எழுதிக் கொடுத்த அற்றோணித் தத்துவத்தின் மூலம் கைமாறுகின்றன. நொத்தாரிசு எழுதும் உறுதியில் கிணறும் தென்னையும் பயன்தரு மரங்களும் வருகின்றன; கேற் மோட்டர் எந்தக் கணக்கில் திறக்கிறது என்பது வருவதில்லை. சாதனத்தின் பொத்தானைச் சில செக்கன் அமர்த்திப் பிடித்து அழித்துவிட்டோம் என்று வாங்கியவர் எண்ணலாம். பல கமராக்களும் பூட்டுகளும் பழைய கணக்கிலிருந்து நீக்கப்படும்வரை புதியவரை ஏற்காது. விற்கிறவர் தன் செயலியிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கி, வாங்குகிறவர் தன் கைபேசியில் அவற்றை இணைத்துக் கேற்றை ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்த பிறகே திறப்புக் கோர்வை கைமாற வேண்டும்.